தம்பி வளர்ந்த வருடம்

எங்கள் வீட்டில் பால்மா டின்னை அலுமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். வறுமையால் அல்ல. அப்பா கண்டிக்குப் பக்கத்து வத்தேகமவில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். அம்மா கண்டியில் பெண்கள் பாடசாலை ஒன்றில் கணக்கு ஆசிரியை. மாதக் கடைசியில் கொஞ்சம் இழுபறி வரும், ஆனால் பால்மாவைப் பூட்டும் அளவுக்கு வராது. அக்கம்பக்கத்து அம்மாமார் கோப்பையும் கையுமாகப் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் அம்மா தம்பியின் வாய்க்குப் பால் போய்விடாமல் காவல் இருந்தார். தம்பி உயர்ந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

அவன் படிக்க வேண்டும், டொக்டராக வேண்டும், கொழும்பில் பெரிய வீடு கட்ட வேண்டும், எல்லாம் வேண்டும். உயரம் மட்டும் வேண்டாம். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அம்மாவுக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் கடைசித் தம்பி எங்களோடு தங்கிப் பேராதனையில் படித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சூட்கேஸும் ஒரு பந்துமாக வந்தவர். பல்கலைக்கழகத்துக் கரப்பந்தாட்ட அணியில் முன்வரிசையில் நிற்பார். ஆறடிக்கு மேல். எங்கள் வீட்டுக் கதவுநிலைகளில் மோதி மோதி அவருடைய நெற்றியில் எப்போதும் ஒரு வீக்கம் இருக்கும். தமிழருக்கு எதிரான கலவரம் கண்டிக்கு வந்த அந்த ஆடி மாதத்தில் எனக்கு ஆறு வயது, தம்பிக்கு நான்கரை. பின்வளவுச் சிங்களக் குடும்பத்தவர்கள் தங்கள் வீட்டுக்குள் வந்துவிடும்படி எங்களை அழைத்தார்கள். செவ்வரத்தை வேலியோரமாகக் குனிந்துகொண்டு ஓடினோம். ஒழுங்கையில் வந்த கூட்டத்துக்கு அம்மா தெரியவில்லை, அப்பா தெரியவில்லை, நாங்கள் தெரியவே இல்லை. மாமாவின் தலை மட்டும் வேலிக்கு மேலே தெரிந்தது.

பிறகு நடந்ததை எழுத எனக்கு மனமில்லை. மாமாவை நாங்கள் உயிரோடு திரும்பப் பார்க்கவில்லை, அது போதும்.

அம்மா கணக்கு ஆசிரியை என்று சொன்னேன். அவர் அதற்கும் ஒரு கணக்குப் போட்டார். மாமா உயரம். மாமா பந்து விளையாடினார். ஆகவே விளையாட்டு மாமாவை உயர்த்தியது, உயரம் மாமாவைக் கொன்றது. கொன்றவர்கள் இந்தக் கணக்கில் எந்த வரியிலும் வரவில்லை.

பல வருடங்களுக்கு அந்தக் கணக்கு அம்மாவின் மனதுக்குள்ளேயே கிடந்தது. தம்பி பன்னிரண்டு வயது வரை வகுப்பிலேயே கட்டையன். காலைக் கூட்டத்தில் உயரப்படி நிறுத்துவார்கள், அவன் எப்போதும் முன்னால்தான். அவனை ‘அரைப்போத்தல்’ என்று பையன்கள் கேலி செய்வார்கள். வீட்டுக்கு வந்து அழுவான். அப்பாவுக்குக் கவலை, அம்மாவுக்கு உள்ளூர நிம்மதி. நான் மாறாகப் பதினொரு வயதில் கிடுகிடுவென்று வளர்ந்தேன். என் பாடசாலை வெள்ளைச் சட்டையின் கீழ்த்தையலை அம்மா அந்த ஒரே வருடத்தில் இரண்டு தரம் அவிழ்த்து இறக்கினார். வலைப்பந்தாட்டத்துக்கு என்னைக் கேட்டு வாங்கினார்கள். பெண்பிள்ளை உயர்ந்தால் ஆபத்து மாப்பிள்ளை தேடும்போதுதான் வரும், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்பது வீட்டில் நிலவிய எண்ணம்.

தம்பிக்குப் பதின்மூன்று முடிந்த பிறகு எல்லாம் மாறியது. அவனுடைய பாடசாலையில் பி.டி. மாஸ்டர் ஒருவர் இருந்தார், சிங்களவர். கட்டையான பையன்களைக் கம்பியில் தொங்கவிடுவார், கயிறு அடித்துத் துள்ளச் சொல்வார். தொங்கினால் உயரலாம் என்று அவரும் நம்பினார். ஊரே நம்பியது, நானும் நம்பினேன். தம்பி அரைப்போத்தல் பட்டம் போக வேண்டுமென்று வெறியோடு தொங்கினான். பிறகு அவர் அவனை உயரம் பாய்தலுக்குச் சேர்த்துக்கொண்டார். அந்த வருடத்திலேயே அவனுக்குக் கால் நீளத் தொடங்கியது. வயது வந்தது, வளர்ந்தான், அவ்வளவுதான் விஷயம். அம்மாவோ இரண்டையும் ஒரே நாளில் பார்த்தார். பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நாங்கள் போயிருந்தோம். தம்பி தன் நெஞ்சளவு உயரத்தில் இருந்த தடியை ஒரு பக்கமாக ஓடிவந்து தாண்டி மணலில் விழுந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கத்தினேன். அம்மா கை தட்டவில்லை. எழுந்து நின்ற அவனுடைய தலை, பக்கத்தில் நின்ற மாஸ்டரின் காதுக்கு வந்துவிட்டதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமையே அம்மா அந்தப் பாடசாலைக்குப் போய், தம்பிக்கு இழுப்பு இருக்கிறது, ஓடக்கூடாது, பாயக்கூடாது என்று மாஸ்டரிடம் பொய் சொன்னார். மாஸ்டர் நம்பவில்லை. இழுப்பு உள்ள பிள்ளை இப்படி ஓடுமா என்று கேட்டாராம். அம்மா தம்பியின் பெயரை அணியிலிருந்து வெட்டச் செய்துவிட்டுத்தான் வந்தார்.

தம்பி சும்மா இருக்கவில்லை. அக்கா மட்டும் விளையாடலாமா என்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினான். அவன் கேட்டது நியாயம், அகப்பட்டது நான். அம்மா என்னுடைய பாடசாலையிலேயே படிப்பித்ததால் அவருக்குக் கடிதம்கூடத் தேவைப்படவில்லை. ஆசிரியர்களின் ஓய்வறையில் தேநீர் குடித்துக்கொண்டே என்னை அணியிலிருந்து எடுத்துவிட்டார். மத்திய மாகாணப் போட்டிக்கு எங்கள் அணி போக இருந்த நேரம் அது. நான் மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. அம்மாவும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

“அம்மா, எங்கட டீமில சென்ரர் விளையாடுறவள் ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பிள்ளை. ஆறாம் வகுப்பிலயிருந்து விளையாடுறாள். இன்னும் என்ர தோளுக்குக்கூட வரேல்லை. விளையாடினா உயருமெண்டா அவள் ஏன் உயரேல்லை?” என்று கேட்டேன்.

அம்மா யோசித்தார். யோசித்ததால் விடிவு வரும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே தலையில் சுமை தூக்குகிறார்கள், கொழுந்துக்கூடையின் பட்டியும் தலையில்தான், அந்தப் பாரம்தான் அவர்களை உயரவிடாமல் அமத்துகிறது என்று முடிவு கட்டினார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அந்தப் பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டாள், சாப்பிட்டாளா என்பதை அம்மா கேட்கவே இல்லை. அவளும் தமிழ்ப் பிள்ளைதான். ஆனால் யாழ்ப்பாணத்து ஆசிரியைக்கு அவள் வெறும் உதாரணம். அன்று பின்னேரத்திலிருந்து கடையில் வாங்கும் அரிசியையும் மாவையும் தம்பி தலையில்தான் சுமந்து வர வேண்டியிருந்தது. கையில் தூக்கினால் பேச்சு விழும். ஒழுங்கையில் நின்ற பையன்கள் சிரிப்பார்கள். அவன் கழுத்தை விறைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மேட்டில் ஏறி வருவான். பால்மா பூட்டப்பட்டதும் அந்த நாட்களில்தான்.

அப்பா சண்டை போடுகிற ஆளல்ல. கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை. பேராதனை ஆஸ்பத்திரியில் வேலை செய்த எங்கள் ஊரைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் ஒருவரின் வீட்டுக்கு எல்லோரையும் அழைத்துப் போனார். அம்மா அதற்கு உடனே சம்மதித்ததன் காரணம் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. உயரத்தை நிறுத்துவதற்கு மருந்து இருக்கிறதா என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார்.

வைத்தியர் முதலில் விளங்காமல் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “ரீச்சர், என்னட்டை வாற சனமெல்லாம் பிள்ளை உயரேல்லையெண்டுதான் வாறது. உயரத்தைக் குறைக்கக் கேட்டு வந்தது நீங்கள்தான் முதல் ஆள்.”

அம்மா சிரிக்கவில்லை. அதைக் கண்டதும் அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு பொறுமையாக விளக்கினார். பிள்ளையின் உயரம் பெரும்பாலும் தாய் தகப்பன் பக்கத்திலிருந்து வருவது. சாப்பாடும் நித்திரையும் நோய் இல்லாமல் இருப்பதும் அதற்கு உதவி செய்யும். பெண்பிள்ளைகள் முந்தி வளர்ந்து முந்தி நின்றுவிடுவார்கள், ஆண்பிள்ளைகள் பிந்தித் தொடங்கிப் பதினேழு பதினெட்டு வரை போவார்கள். ஓடுவதும் பாய்வதும் தசையையும் எலும்பையும் பலப்படுத்தும், எலும்பை இழுத்து நீட்டாது. உயரமான பிள்ளைகளைத்தான் அணிக்குத் தெரிந்தெடுக்கிறார்கள், அதனால் விளையாடுகிறவர்கள் எல்லாம் உயரமாகத் தெரிகிறார்கள். விளையாட்டை நிறுத்தினால் இவன் குட்டையாக மாட்டான், நோஞ்சானாகத்தான் ஆவான். பாலைக் கொடுங்கள், விளையாட விடுங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் காதுக்குள் சொன்னார்: “அவருக்கு ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள். அவர் சொல்லுவார்தானே.”

அப்பா மறுபக்கம் திரும்பி மகாவலி ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அம்மாவுக்கு முழுக்க முழுக்கப் பைத்தியம் என்றும் சொல்ல முடியாது. அதுதான் இதில் கேவலம். யுத்தம் வடக்கிலும் கிழக்கிலும்தான் நடந்தது, ஆனால் கண்டியில் எங்கள் பஸ்களையும் நிறுத்தினார்கள். ஆற்றைக் கடக்கும் பாலத்தடியில் மண்மூட்டைகளும் தகரக் கொட்டிலுமாக ஒரு சோதனைச் சாவடி இருந்தது. எல்லோரும் இறங்கி வரிசையாக நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, அந்தப் பக்கத்தில் மறுபடி ஏற வேண்டும். பதினாறு வயதாகாத பிள்ளைகளுக்கு அட்டை இல்லை. தேவையும் இல்லை, பிள்ளையாகத் தெரிந்தால் போதும். தம்பி பிள்ளையாகத் தெரிவதை நிறுத்திக்கொண்டிருந்தான். பதினான்கு வயதில் அவன் என்னைத் தாண்டிவிட்டான். மேலுதட்டில் மயிர் இருண்டது. வளர்ந்த ஆளுடைய உடம்பு, கையில் அட்டை இல்லை, பெயர் தமிழ்ப் பெயர். அந்த வரிசையில் அவனுக்குப் பின்னால் நடக்கும்போது எனக்கும் பயமாக இருக்கும். அம்மாவின் பயத்தில் எனக்குச் சண்டையே இல்லை. அதை அவன் உடம்பில் கொண்டுபோய் இறக்கியதில்தான் சண்டை.

உயரத்தைத் தடுக்க முடியவில்லை என்று தெரிந்ததும் அம்மா மறைக்கப் பார்த்தார். தம்பியின் வயதுப் பையன்கள் அரைக்காற்சட்டையை விட்டு நீளக் களிசானுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அம்மா அவனை டவுனில் எங்கள் வழக்கமான தையற்காரரிடம் அழைத்துப் போய், கட்டைக் களிசான் இரண்டு தைக்கச் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன். அவர் முஸ்லிம் மனிதர். என் பாடசாலைச் சட்டைகளையும் அவர்தான் தைப்பார். அளவெடுக்கக் குனிந்தவர் தம்பியின் காலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“டீச்சர், இவருக்கு இனி லோங்ஸ்தான் சரி. இத கட்டையா தச்சா ஆக்கள் ஒரு மாதிரி பாப்பாங்க.”

பாடசாலைச் சட்டம் இந்த வருடம் கட்டைக் களிசான்தான் என்று அம்மா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். தையற்காரர் அப்படியே தைத்துக் கொடுத்தார். மேலுதட்டு மயிரை அப்பாவின் சவரப் பிளேட்டால் வழித்துவிடுவதும் அன்றிலிருந்து கிழமைக்கொரு கடமையானது. கண்ணாடிக்கு முன்னால் தம்பியை நிறுத்தி அம்மாதான் வழிப்பார். கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல் அவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். எங்கேயாவது பாய்ந்து ஓடிவிடேன் என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருக்கும்.

அந்தப் பிள்ளை வேஷம்தான் அவனைப் பிடித்துக் கொடுத்தது.

பாடசாலை முடிந்தால் அம்மாவோடு மூவரும் சேர்ந்து பஸ் ஏறுவதுதான் வழக்கம். அன்று அம்மாவுக்கு ஆசிரியர் கூட்டம், எங்களை முன்னால் போகச் சொன்னார். பாலத்தடியில் இறங்கினோம். தம்பி எனக்கு முன்னால் நடந்தான். அன்று வரிசையைச் சோதித்தவன் ஒரு பெடியன். இராணுவ உடுப்பு அவனுக்குப் பெரிதாக இருந்தது. தம்பியின் முகத்தைப் பார்க்க அவன் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அவனும் ஏதோ ஒரு கிராமத்தில் ஒழுங்காகச் சாப்பிடாமல் வளர்ந்த பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அந்த எண்ணம் எனக்கு வரவில்லை.

அட்டை கேட்டான். தம்பி இல்லையென்றான். வயது கேட்டான். பதினாலு என்றான் தம்பி. அவன் தம்பியின் மயிர் அடர்ந்த காலைப் பார்த்தான், கட்டைக் களிசானைப் பார்த்தான். பிறகு பெருவிரலால் அவனுடைய மேலுதட்டைத் தடவினான். பிளேட் போட்டு வழித்த இடம் சொரசொரத்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய ஆள் ஏன் சின்னப் பிள்ளை உடுப்புப் போட்டிருக்கிறான் என்று பின்னால் திரும்பிக் கொட்டிலைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டான். அங்கே இருந்தவர்கள் எழும்பி வந்தார்கள்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். இவன் என் தம்பி, எனக்கே பதினைந்துதான், பாடசாலையில் கேட்டுப் பாருங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். நானும் உயரம்தான், என்னிடமும் அட்டை இல்லை. ஆனால் இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சட்டையும் இருந்ததால் என்னை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

“இவ்வளவு பெரிய மல்லியா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. வரிசையில் நின்ற சிலரும் சிரித்தார்கள்.

தம்பியைக் கொட்டிலுக்குள் கொண்டுபோனார்கள். என்னைப் பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். நான் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. ஏறும்போது அவனுடைய தலை ஜீப்பின் கம்பியில் இடித்தது. யாரோ அதைக் கையால் கீழே அமத்தி உள்ளே தள்ளினார்கள்.

அம்மாவும் அப்பாவும் பொலிஸுக்கும் முகாமுக்குமாக அலைந்த நாட்களை நான் விவரிக்கப் போவதில்லை. பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோனார்கள். அதில் பிறந்த நாள் இருந்தது, உயரம் இருக்கவில்லை. இது யாரோ சின்னப் பையனுடையது, உங்கள் ஆளுடையது எங்கே என்று கேட்டார்களாம். கடைசியில் அப்பா போய் நின்றது அந்த பி.டி. மாஸ்டரின் வீட்டு வாசலில். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு உடனே கூட வந்தார். ஆறாம் வகுப்பிலிருந்து இவனைத் தெரியும், பாடசாலையிலேயே கட்டையனாக இருந்த பையன், என் கண்ணுக்கு முன்னால்தான் வளர்ந்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு சிங்கள ஆசிரியர் சொன்னதால் நம்பினார்கள்.

தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகு மாஸ்டர் அப்பாவிடம் ஒன்று சொன்னார். அப்பா அதை வீட்டில் அம்மாவுக்கு அப்படியே சொன்னார். எங்கள் பையன்கள் பயிற்சி முடிந்து என்னோடு பாடசாலையின் வான் வண்டியில்தான் போகிறார்கள், எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள், சோதனைச் சாவடியில் ஒருவனைக்கூட இதுவரை இறக்கியதில்லை, இவன் அணியில் இருந்திருந்தால் அன்றைக்கு என் வானில் இருந்திருப்பான்.

அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அன்று வரவில்லை, இன்றும் முழுதாக வரவில்லை.

முகாமில் என்ன நடந்தது என்று தம்பி சொல்லவில்லை. உள்ளங்கால் வீங்கியிருந்தது. முதுகில் சட்டை பட்டால் முகம் சுளிப்பான். நாங்கள் பேசினால் கேட்பான், சாப்பாடு போட்டால் சாப்பிடுவான். ஒருநாள் பின்னேரம் அவனுக்குக் காலில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது, ஏன் கூனிக்கொண்டே நடக்கிறாய் என்று கேட்டேன்.

“அங்கை நிமிர்ந்து நிக்கக்கூடாது அக்கா. நிமிர்ந்தா தலையில அடி” என்றான். காலை இழுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டான். அவன் அதைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு தரம்தான்.

கால் வீக்கம் வற்றிய பிறகு அம்மா ஒரே நாளில் கட்சி மாறினார். பால்மா டின் மேசைக்கு வந்தது. தையற்காரரிடம் போய் நீளக் களிசான் தைப்பித்தார். அவனை மறுபடி உயரம் பாய்தலுக்குச் சேர்க்க வேண்டும், மாஸ்டரின் வானில் வர வேண்டும் என்று தானே ஓடித் திரிந்தார். விளையாட்டால் உயருவதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. தன் கணக்கு பிழை என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை நாங்கள் மூவரும் மைதானத்துக்குப் போனோம். மாஸ்டர் தம்பியின் தோளைத் தட்டி, பழைய உயரம் வேண்டாம், சும்மா உடம்பு இளகட்டும் என்று சொல்லித் தடியை இடுப்பளவில் வைத்தார். மற்றப் பையன்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். தம்பி அவனுடைய பழைய இடத்தில் போய் நின்றான். ஒரு பக்கமாக ஓடி வந்தான். ஓட்டம் பழைய ஓட்டம்தான், கால் எதையும் மறக்கவில்லை. தடிக்கு முன்னால் வந்ததும் குனிந்தான். குனிந்து தடிக்குக் கீழால் அந்தப் பக்கம் போய் மணலில் நின்றான்.

பையன்கள் சிரித்தார்கள். பகிடி விடுகிறான் என்று நினைத்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். திரும்ப ஓடச் சொன்னார். திரும்பவும் குனிந்தான். தடியை முழங்காலுக்கு இறக்கினார், சின்னப் பிள்ளையும் தாண்டும் உயரம். தம்பி ஓடி வந்து கையை ஊன்றி, வயிறு மண்ணில் பட ஊர்ந்து அதற்குக் கீழால் போனான். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் எழும்பி மணலைத் தட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தான். சரியாகச் செய்துவிட்டானா என்று கேட்கிற முகம். மாஸ்டர் தடியை எடுத்துக் கீழே போட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமையில் வான் ஓடுவதில்லை. வழக்கம்போல டவுனில் பஸ் ஏறினோம். பாலத்தடியில் இறங்கி வரிசையில் நின்றோம். முன்னால் ஒரு கிழவரும், சந்தையிலிருந்து வந்த இரண்டு பெண்களும், அவர்களுக்குப் பின்னால் தம்பியும். நான் அம்மாவோடு அவனுக்குப் பின்னால். வரிசை நகர நகர, அவன் நீளக் களிசானுக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு, தோளை ஒடுக்கி, தலையைத் தாழ்த்தி, முன்னால் போன பெண்களின் உயரத்துக்குத் தன்னை இறக்கிக்கொண்டு நடப்பதைக் கண்டேன். யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சோதித்தவன் அந்தப் பெண்களின் பைகளைக் கிண்டினான். தம்பியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போ என்று கையைக் காட்டினான்.

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். “பாத்தியே பிள்ளை, ஒருத்தரும் கவனிக்கேல்லை” என்றார். அவருடைய முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு சந்தோஷம் தெரிந்தது. எனக்கு அந்த முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. கையை உதறிக்கொண்டு முன்னால் போனேன்.

பஸ்ஸில் இருக்க இடமில்லை. தம்பி எனக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சோதனைச் சாவடி பின்னால் போய்விட்டது, ஆற்றின் அக்கரையும் போய்விட்டது, இனி நிமிரலாம் என்று அவனிடம் மெல்லச் சொன்னேன். அவன் தலையாட்டினான். அவன் என்னைவிட நல்ல உயரம். இறங்கும் வரை அவனுடைய தலை என் தோளளவிலேயே இருந்தது.